யார் தலைமையில், யார் முன்னிலையில்?

கல்யாணப் பத்திரிகையிலும் கட்சிச் சுவரொட்டியிலும் ‘தலைமையில்’ என்று பார்த்தால் யாருக்கும் உறுத்தாது. ஒருவர் மேடையில் நடு நாற்காலியில் உட்காருவார், மாலை விழும், எல்லாரும் பேசி முடித்த பிறகு அவர் பேசுவார். அந்தச் சொல்லை மூன்று வயதுப் பிள்ளைக்கு மாட்டிவிட்டிருக்கிறது ஒரு மழலையர் பள்ளியின் துண்டறிக்கை: ‘குழந்தை தலைமையிலான கல்வி’. பேத்திக்கு இடம் தேடி அலைந்த இந்த இரண்டு மாதத்தில் இதே தொடரை நான்காவது முறையாகப் பார்க்கிறேன். முதல் முறை சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

‘சைல்டு-லெட்’ என்ற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். சைல்டு, பிள்ளை. லெட் என்பது ‘லீடு’ என்ற வினையின் வேறு வடிவம். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘போகச் செய்’, ‘கூட்டிக்கொண்டு போ’ என்று பொருள். தலைவன், பதவி, அதிகாரம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. மாட்டைக் கயிறு பிடித்து நடத்துவதும் லீடுதான், ஒரு பாதை ஊருக்குக் கொண்டுபோய் விடுவதும் லீடுதான். நம் ‘தலைமை’ அப்படியல்ல. அது தலையிலிருந்து பிறந்தது. மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்ற படி அதற்குள்ளேயே இருக்கிறது. சொல்லின் கதை அவ்வளவுதான். வழக்கு இனிமேல்தான்.

அந்தத் தொடர் எதைக் குறிக்கிறது என்று மாண்டிசோரி முறையில் நடக்கும் ஒரு மழலையர் வகுப்பில் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்தால் தெரிந்துவிடும். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். பத்து மரக்கட்டைகள், சிறியது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து சென்டிமீட்டர். பிள்ளை தானாகப் போய் எடுக்கிறது, பாய் விரித்து அடுக்குகிறது, கலைக்கிறது, மறுபடி அடுக்குகிறது. போதும் என்று அதற்குத் தோன்றும்போது கொண்டுபோய் வைக்கிறது. எதை எடுப்பது, எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு. ஆனால் அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்பது பெரியவர் முடிவு. ஒவ்வொரு கருவியிலும் ஒன்றுதான் இருக்கும். இன்னொருவர் கையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். தன் முறைக்காகக் கைகட்டிக் காத்திருக்கும் தலைவரை நான் எந்தக் கட்சியிலும் பார்த்ததில்லை.

ஆக, ‘தலைமை’ இங்கே மிகை மட்டுமல்ல, பொய்யும்கூட. அந்தப் பொய்யை நம்பித்தான் பாதிப் பெற்றோர் பயப்படுகிறார்கள். “அப்ப பிள்ளை சொல்றதுதான் சட்டமா?” என்று துண்டறிக்கையைப் பார்த்து ஒரு அம்மா கேட்டார். தலைமை என்றால் அதுதானே பொருள்? கேட்டது அவர் தப்பில்லை.

சரி, தலைமை வேண்டாம் என்றால் உடனே ‘குழந்தை மையக் கல்வி’ என்று கையை நீட்டுவார்கள். பாடத்திட்ட ஆவணங்களில் ஊறிப்போன தொடர், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அது வேறொரு ஆங்கிலத் தொடரின் தமிழ்: ‘சைல்டு-சென்டர்டு’. இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் குழப்பத்தின் வேர். பிள்ளையை மனத்தில் வைத்துப் பெரியவரே திட்டம் போட்டு, பெரியவரே நேரம் வகுத்து, பெரியவரே மணி அடித்தாலும் அது குழந்தை மையக் கல்விதான். மையத்தில் இருப்பது சும்மா இருக்கலாம். பந்திக்கு நடுவில் இலை இருக்கிறது, இலையா சாப்பிடுகிறது? வீட்டில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, சுற்றி நாலு பேர் “பாடு, ஆடு, மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு” என்கிறோமே, அந்தக் கூடத்திலும் பிள்ளைதான் மையம்.

‘குழந்தைவழிக் கல்வி’ என்று ஒரு நண்பர் சொல்லிப் பார்த்தார். நல்ல முயற்சி, ஆனால் இடம் ஏற்கெனவே ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்வழிக் கல்வி, ஆங்கிலவழிக் கல்வி என்று பழகிய காதில் குழந்தைவழி என்றால் மழலை மொழியில் பாடம் நடத்துவது போலக் கேட்கும். ‘குழந்தை வழிநடத்தும் கல்வி’ தலைமையின் தம்பி. மாண்டிசோரிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ‘பிள்ளையைப் பின்தொடர்’ என்பதிலிருந்து ‘பின்தொடர் கல்வி’ என்று ஒருவர் ஆக்கியிருந்தார். துப்பறிகிற கதை போல இருந்தது. நம் வீடுகளில் சோற்றுக் கிண்ணத்தோடு பிள்ளை பின்னால் மொட்டை மாடிவரை ஓடுகிறோம். அதுவும் பின்தொடர்தல்தான், ஆனால் வாயைத் திறப்பது யார் விருப்பம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

நான் வைக்கும் சொல் ‘தன்போக்குக் கற்றல்’. பேச்சில் ‘பிள்ளை போக்கில் கற்பது’. முதலில் கல்வியை விட்டுக் கற்றலைப் பிடித்த காரணம்: கல்வி இன்னொருவர் கொடுக்கக்கூடியது, விற்கக்கூடியது, கட்டணம் போடக்கூடியது. கற்றலைக் கற்கிறவர்தான் செய்ய முடியும். வினைக்கு எழுவாய் பிள்ளை என்று ஆகிவிட்ட பிறகு ‘தன்’ யாருடையது என்று விளக்க வேண்டியதில்லை. தமிழ் இலக்கணமே பார்த்துக்கொள்ளும். ‘குழந்தை’ என்று தனியாக எழுதும் இடமும் மிச்சம்.

அப்புறம் போக்கு. ஆ என்பதிலிருந்து ஆக்கு வந்ததுபோல, போ என்பதிலிருந்து போக்கு. வினையாக இருக்கும்போது ‘போகச் செய்’ என்று பொருள். மேலே லீடு என்ற சொல்லுக்குச் சொன்ன பழைய பொருளும் அதுவே. இது தற்செயல்தான், இரண்டு மொழிக்கும் உறவு கட்ட நான் வரவில்லை. ஆனால் இப்படி ஒரு சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தலைக்கு ஏன் ஏற வேண்டும்? பெயராக இருக்கும்போது போக்குக்குத் திசையும் பொருள், வேகமும் பொருள். “அவ போக்குல விடு” என்று பாட்டிகள் சொல்வதில் இரண்டும் அடங்கிவிடுகிறது.

எதிர்ப்பு இரண்டு வந்தது. ‘தன் போக்கில் திரிகிறான்’ என்றால் வசவு அல்லவா என்றார்கள். வசவு திரிவதில் இருக்கிறது, போக்கில் இல்லை. ஆறும் தன் போக்கில்தான் போகிறது, கரை இல்லாமலா போகிறது? இன்னொன்று வயிற்றுப்போக்கு. சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். போக்குவரத்துக் கழகப் பேருந்தில் ஏறும்போது அவருக்கு இந்த நினைவு வருமா என்று கேட்டேன்.

இந்த மண்ணில் இதற்கு இன்னும் நிலையான பெயர் இல்லாததுதான் எனக்கு ஆற்றாமை. 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபை அழைத்து 1939-இல் நம் அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டு, இத்தாலிக்காரர் என்பதால் திரும்ப முடியாமல் அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இருந்தார். அவர் இத்தாலிய மொழியில் வகுப்பெடுக்க, மகன் மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலமாக்கினார். ஆசிரியருக்கு அவர் வைத்த பெயர்கூட ‘நடத்துநர்’ என்பது போன்ற ஓர் இத்தாலியச் சொல். நம்மிடம் அது பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர். ‘இயக்குநர்’ என்றாலோ கோடம்பாக்கம் போய்விடும். மொழிபெயர்ப்பு லேசான வேலை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் முடியாத வேலையும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போன திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியில் உருவான முறையிலிருந்து வந்தது: அட்டைகள், எதன்பின் எதைக் கற்பது என்று காட்டும் ‘ஏணிப்படிகள்’, தரையிலிருந்து பிள்ளை கைக்கு எட்டும் கரும்பலகை, பாயில் உட்கார்ந்த ஆசிரியர். (அதில் வேகம்தான் பிள்ளையுடையது, படிகளின் வரிசை பெரியவர் போட்டது, முழுத் தன்போக்கு என்று சொல்ல மாட்டேன்.) ஆங்கிலத்தில் ‘ஆக்டிவிட்டி பேஸ்டு லேர்னிங்’. இன்றைய மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைத்திருந்தால் ‘செயல்பாட்டு அடிப்படையிலான கற்றல்’ ஆகியிருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் ‘செயல்வழிக் கற்றல்’ என்றார். ஊர் ஆசிரியர்கள் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இப்போது நடப்பது அச்சு வார்ப்பு. ‘லெட்’ வந்தால் தலைமையிலான, ‘பேஸ்டு’ வந்தால் அடிப்படையிலான, ‘ஃப்ரெண்ட்லி’ வந்தால் நட்பு. பெண்கள் தலைமையிலான, சமூகம் தலைமையிலான, இப்போது குழந்தை தலைமையிலான. குழந்தை நட்புப் பள்ளி என்று ஒரு பலகை பார்த்தேன். பள்ளிக்கும் குழந்தைக்கும் எப்போது பழக்கம் ஆனதோ. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் எழுதுகிறவர் தமிழை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

வாயில் விழுந்த சொல்லை மக்கள் தம் விருப்பத்துக்கு வளைத்துக்கொள்வார்கள் என்பதற்குப் பால்வாடி சாட்சி. குஜராத்தி, மராத்திப் பக்கத்துச் சொல். ‘பால்’ என்றால் பிள்ளை, ‘வாடி’ என்றால் தோட்டம். ஜெர்மனியில் ஃபுரோபெல் என்ற கல்வியாளர் 1840-இல் வைத்த கிண்டர்கார்ட்டன் என்ற பெயரின் அதே கருத்து. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் பால் கொடுக்கிற இடம் என்பார்கள். தப்புதான், ஆனால் எனக்குப் பிடித்த தப்பு.

துண்டறிக்கை கொடுத்த பள்ளிக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். அடுத்த அச்சில் ‘தலைமையிலான’ போய்விட்டது. அந்த இடத்தில் தமிழ் எழுத்திலேயே ‘சைல்டு லெட் கல்வி’ என்று இருக்கிறது.