லண்டன் வீட்டில் விறகு எரித்தால் தண்டமா?

முல்லைத்தீவின் முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளியிருக்கும் அக்கா ஒருவர் போனும் கையுமாக வந்து நின்றார். மகன் லண்டனில். அங்குள்ள உள்ளூராட்சிச் சபையான கவுன்சிலில் இருந்து தனக்கு வந்த கடிதத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். நான் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பாவத்துக்கு, ஊரில் யாருக்கு இங்கிலீசில் கடிதம் வந்தாலும் அது என் விறாந்தைக்குத்தான் வரும்.

"தம்பி, குளிருக்கு வீட்டுக்குள்ள நெருப்பு மூட்டினதுக்கு 300 பவுண் கட்டச் சொல்லிப் போட்டினமாம். விறகு எரிக்கிறதும் ஒரு குற்றமே?"

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கட்டச் சொல்லி அதில் ஓரிடத்திலும் இல்லை. 'தண்டம் விதிக்க உத்தேசித்திருக்கிறோம், உமக்கு ஆட்சேபம் இருந்தால் 28 நாளுக்குள் எழுத்தில் தெரிவியும்' என்றுதான் இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் நோட்டிஸ் ஒஃப் இன்டென்ட். இது முதற்படி. ஆட்சேபத்தைப் பார்த்த பிறகு கவுன்சில் கைவிடலாம், அல்லது இறுதி அறிவித்தல் அனுப்பலாம். இறுதி அறிவித்தல் வந்தாலும் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய வழி உண்டு. பயத்தில் கடிதத்தை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டு 28 நாளையும் கழிய விடுவதுதான் ஆபத்து. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு.

அக்காவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அங்கே பழைய வீடு வாங்கி, அதோடு ஒரு விறகு அடுப்பும் வந்து சேர்ந்த பிள்ளைகள் வேறு பல பேருக்கும் இருக்கிறார்கள்.

1952 மார்கழி 5ஆம் திகதியிலிருந்து 9ஆம் திகதி வரை லண்டனை நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து மூடின. பகலில் எதிரே வருகிற ஆளைத் தெரியவில்லை. அந்தப் புகையால் ஏறத்தாழ 4,000 பேர் செத்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் விளைவாக 1956இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டங்களின் கீழ் கவுன்சில்கள் தங்கள் இடங்களை 'ஸ்மோக் கொன்ட்ரோல் ஏரியா', அதாவது புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கலாம். லண்டனின் பெரும்பகுதி அப்படி அறிவிக்கப்பட்டதுதான். புகைபோக்கியால் புகை வந்தால் முன்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 2021ஆம் ஆண்டின் சுற்றாடல் சட்டம் அதை மாற்றி, இங்கிலாந்தில் கவுன்சிலே நேரடியாக 175 பவுண் முதல் 300 பவுண் வரை தண்டம் விதிக்கலாம் என்று ஆக்கியது. அக்கா சொன்ன 300 அந்த உச்சத் தொகை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வீட்டு விலாசம். அது கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறதா என்று கவுன்சிலின் இணையத்தளத்தில் பார்க்கலாம், கேட்டாலும் சொல்வார்கள். உள்ளே வருகிறது என்றால் அடுத்த கேள்வி எந்த அடுப்பு என்பது. சுவரோடு சேர்ந்த திறந்த கணப்பில் அங்கே விறகு எரிக்கக் கூடாது. புகையில்லா எரிபொருள் என்று அனுமதிக்கப்பட்டவற்றைத்தான் அதில் போடலாம். கதவு வைத்த இரும்பு அடுப்பு என்றால், அது டெஃப்ரா என்கிற அரச திணைக்களத்தின் விலக்குப் பட்டியலில், அதாவது கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளும் எரிக்க அனுமதித்த அடுப்புகளின் பட்டியலில், இருக்க வேண்டும். அடுப்பின் பின்பக்கத்திலோ அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள கம்பனிப் பெயரையும் மொடல் பெயரையும் பட்டியலோடு ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது. பட்டியலில் இல்லாத அடுப்புக்கென்று அனுமதியில்லாத எரிபொருளை வாங்கினால் அது தனிக் குற்றம். அதற்கு 1,000 பவுண் வரை போகலாம்.

இதில் கடைக்காரரின் பேச்சில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 2022 தை முதலாம் திகதிக்குப் பிறகு விற்பனைக்கு வரும் புதிய விறகு அடுப்புகள் 'எக்கோடிசைன்' என்ற தரத்துக்கு வர வேண்டும். அது எல்லா அடுப்புக்கும் பொதுவான புகை, வினைத்திறன் அளவு. டெஃப்ராவின் விலக்குப் பட்டியல் வேறு. எக்கோடிசைன் முத்திரையைக் காட்டி "லண்டனில் தாராளமாக எரிக்கலாம்" என்றால், பட்டியலிலும் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மகனின் அடுப்பு பட்டியலில் இருந்தது. அப்படியானால் புகை எங்கிருந்து வந்தது? போனிலேயே கேட்டேன்.

"மாமா, வளவுக்குள்ள நிண்ட பிளம் மரத்தை ஓகஸ்டில வெட்டினனான். அதைத்தான் நவம்பரில எரிச்சனான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பச்சை விறகையேடா வைச்சனி?"

இந்தச் சட்டத்தின் சாரம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. விறகு எரிகிறது என்கிறோம். சுவாலையாக எரிவது, சூடேறின விறகிலிருந்து வெளியேறும் வாயு. காய்ந்த விறகின் எடையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் போகும். மிச்சம் கரியாகித் தணலாகக் கிடக்கும். அந்த வாயு முழுதாக எரிய நல்ல சூடும், போதிய காற்றும் வேண்டும். புதிதாக வெட்டின மரத்தில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்புக்குள் வைப்பது, அரை லீற்றர் தண்ணீரையும் சேர்த்து வைப்பது மாதிரி. நெருப்பின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவழிகிறது. அடுப்புக்குள் சூடு இறங்குகிறது. வாயு எரியாமல் அப்படியே மேலே போகிறது. அதற்குப் பெயர்தான் புகை. போகிற வழியில் புகைபோக்கியின் உட்சுவரில் தார் போல ஒட்டும். ஒரு நாள் அந்தத் தார் தீப்பிடித்தால் கூரையோடு போகும். காசு கொடுத்து வாங்கின விறகின் ஒரு பங்கு வானத்துக்கு, ஒரு பங்கு புகைபோக்கிக்கு, மிச்சம்தான் வீட்டுக்கு.

அதனால்தான் இங்கிலாந்தில் 2021 மே முதலாம் திகதியிலிருந்து, 2 கனமீற்றருக்குக் குறைவாக விற்கிற விறகின் ஈரம் 20 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார்கள். பொதியில் 'ரெடி டு பேர்ன்' என்ற முத்திரை இருக்கும். அதைவிடக் கூடுதலாக மொத்தமாக வாங்கினால் ஈரவிறகும் விற்கலாம், ஆனால் எப்படிக் காயவைப்பது என்ற குறிப்பைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பையில் கட்டின வீட்டு நிலக்கரியை விற்பதும் அதே நாளிலிருந்து நின்றது, 2023 மே முதலாம் திகதியிலிருந்து கட்டாத கரியும் நின்றது. சொந்த வளவில் வெட்டின மரத்துக்கு இந்த முத்திரை விதி இல்லை. ஆனால் புகை வந்தால் தண்டம் ஒன்றுதான், விறகு யாருடையது என்று கவுன்சில் கேட்காது.

ஈரத்தை அளக்கச் சின்ன மானி ஒன்று கடைகளில் இருக்கிறது. இரண்டு ஊசி வைத்தது. கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும், வெளி முதலில் காய்ந்துவிடும். கட்டையைக் கொத்திப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்த வேண்டும். எங்கள் விறகுகாலைக்காரருக்கு மானி தேவைப்பட்டதில்லை. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். ணங் என்றால் காய்ந்தது. தொப் என்றால் திருப்பி வை. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கிறதா என்றும் பார்ப்பார். பங்குனி, சித்திரையில் கொத்திப் போட்டால் சோளகக் காற்று அந்த வேலையைச் செய்து முடிக்கும், மாரிக்கு முன் தாழ்வாரத்துக்குள் அடுக்கிவிடலாம். லண்டனில் அந்த வெயிலும் இல்லை, சோளகமும் இல்லை. நிலத்தில் படாமல் உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டு ஒன்றிரண்டு வருடம் வைக்க வேண்டும். ஓக் மரம் இன்னும் பிடிவாதம். தறப்பாளால் முழுதாகச் சுற்றிக் கட்டினால் உள்ளே அவியும், காயாது.

மூட்டுகிற விதமும் எங்கள் பழக்கத்துக்கு நேர் எதிர். நாங்கள் சுள்ளியை அடியில் வைத்து மேலே கட்டையைச் சாய்ப்போம். அந்தக் கதவு அடுப்பில் கட்டையைக் கீழே அடுக்கி, சுள்ளியை மேலே வைத்து, மேலிருந்து கொளுத்தச் சொல்கிறார்கள். கீழிருந்து கிளம்புகிற வாயு மேலே இருக்கும் சுவாலைக்குள் போய் எரிந்துவிடும் என்பது கணக்கு. காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்து மூட்டி, நன்றாகப் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். விடிய விடிய இருக்கட்டும் என்று கட்டைகளைத் திணித்துத் துவாரத்தை அடைப்பதுதான் ஆகக் கூடாத வேலை. இராமுழுக்கப் புகைந்துகொண்டே இருக்கும். "நாங்களும் கொள்ளியைச் சாம்பலுக்குள்ள புதைச்சு வைக்கிறனாங்கள் தானே" என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. சாம்பலுக்குள் புதைப்பது வாயு போய் முடிந்த தணல், அது பெரிதாகப் புகையாது. அடைத்த அடுப்புக்குள் கிடப்பது இன்னும் வாயு விட்டுக்கொண்டிருக்கும் கட்டை. அடுப்பின் கண்ணாடிக் கதவு கறுத்தால் ஏதோ பிழை என்று எடுத்துக்கொள்ளலாம். வர்ணம் பூசின பலகை, ஒட்டுப்பலகை, மருந்தடித்த வேலிக்கட்டை எதுவும் உள்ளே போகக் கூடாது. பழைய மருந்துப் பலகையில் ஆர்சனிக் வரை இருக்கும்.

தணலுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அது விடுகிற காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்விடும். இங்கிலாந்தில் புதிய அடுப்புப் பூட்டினால் அதற்கான அலாரமும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. வாடகை வீடு என்றால் விறகு அடுப்புள்ள அறையில் அலாரம் வைப்பது வீட்டுக்காரரின் கடமை. ஹீற்றாஸ் போன்ற அமைப்பில் பதிந்த ஒருவரைக் கொண்டு பூட்டினால் சான்றிதழ் தருவார். மற்றப்படி கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு அறிவித்துச் செய்ய வேண்டும். வீட்டை விற்கும்போது அந்தத் துண்டைக் கேட்பார்கள். புகைபோக்கியை வருடத்துக்கு ஒரு தரமாவது ஆள்விட்டுத் துடைப்பித்து அதன் பற்றுச்சீட்டையும் வைத்திருப்பது நல்லது. இங்கே மாரிக் குளிருக்குப் பிள்ளை பெற்ற அறைக்குள் தணல்சட்டியை வைத்துக் கதவு யன்னலைச் சாத்துகிறவர்களும் இந்தப் பந்தியை ஒருக்கால் திருப்பி வாசிக்கவும்.

உதவித்தொகை இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். விறகு அடுப்புக்கு இல்லை. பொயிலர் அப்கிரேட் ஸ்கீம் என்ற திட்டத்தில் ஹீட் பம்புக்கு 7,500 பவுண் வரை, விறகால் ஓடும் பொயிலருக்கு 5,000 பவுண் கொடுக்கிறார்கள். அந்தப் பொயிலரும் எரிவாயுக் குழாய் இல்லாத நாட்டுப்புற வீட்டுக்குத்தான். லண்டன்காரருக்கு ஆகாது.

இதையெல்லாம் சொல்லி முடிய அக்கா கேட்டார்: "அப்ப எங்கட குசினிப் புகைக்கு ஆர் கடிதம் போடுறது?"

யாரும் போடமாட்டார்கள். இங்கே சட்டம் பார்ப்பது மரத்தை. பெண்பனையையோ பலாவையோ ஈரப்பலாவையோ சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. நான் கதிரையில் இருந்த காலத்தில் இந்த விண்ணப்பங்கள் கட்டுக் கட்டாக வரும். ஒதுக்கக் காட்டுக்குள் கோடரியோடு போனால் வன இலாகா பிடிக்கும். வெட்டின மரம் குசினிக்குள் எப்படி எரிகிறது, யார் அந்தப் புகையைக் குடிக்கிறார் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையில் நாலில் மூன்று வீட்டுக்கு மேல் விறகில்தான் சமைத்தார்கள். 2022இல் காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறினபோது காஸுக்கு மாறியிருந்தவர்களும் திரும்பி வந்தார்கள். வீட்டுக்குள் அடைபடும் சமையல் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமில் ஈரவிறகோடு மூன்று கல்லுக்கு முன்னால் இருந்து ஊதி ஊதி என் மனைவிக்கு வந்த இருமல் இன்னும் மாரிக்கு மாரி எட்டிப் பார்க்கும். அதனால் எங்கள் குசினியில் நான் கொஞ்சம் கண்டிப்பு. இரண்டு பானை வைக்கிற அனகி மண் அடுப்பு ஒன்றை வாங்கி, களியும் சாணமும் உமியும் குழைத்துச் சுற்றிவரத் தடிப்பாகப் பூசினேன். வீடமைப்புத் திட்டத்தில் கட்டின புகைபோக்கியை அண்டங்காக்கைக் கூட்டிலிருந்து மீட்டேன். பரணில் நாளைய விறகு இன்றைக்கே ஏறிவிடும். கட்டை மணிக்கட்டுத் தடிப்பைத் தாண்டாது. சொப்பிங் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டுவது வீட்டில் தடை. அதற்குப் பன்னாடையும் பொச்சும் போதும். பாலை விறகு கிடைக்கிற அன்று குசினிச் சுவர்கூட வெளுத்தது மாதிரி ஒரு பிரமை.

மகனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த பதில் ஒரு பக்கம்தான். அடுப்பின் மொடல் இலக்கமும், அது விலக்குப் பட்டியலில் இருக்கும் பக்கத்தின் பிரதியும், புகைபோக்கி துடைத்த பற்றுச்சீட்டும், முத்திரையுள்ள விறகு வாங்கத் தொடங்கியதற்கான ரசீதும் சேர்த்து, கவுன்சில் குறிப்பிட்ட திகதியில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன். இது இங்கிலாந்துக்குரிய நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருக்கிற பிள்ளைகள் தங்கள் கவுன்சிலில் கேட்டுக்கொள்ள வேண்டும், விதிகள் அங்கே வேறு. பதினொராம் நாளே பதில் போய்விட்டது. மிச்சப் பிளம் கட்டைகளை என்ன செய்ய என்று கேட்டான். அக்கா போனை என்னிடமிருந்து வாங்கி, "பிளந்து அடுக்கி வை, வாற வருசம் தட்டிப் பாத்துச் சொல்லு" என்றார்.