சோயா சாஸில் ஒரு சிட்டிகை மாசி

வாசகர் ஒருவர் ஜப்பானிய முறையில் சாலட் டிரெஸ்ஸிங் செய்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "சோயா சாஸ், அரிசி வினிகர், வறுத்த எள்ளின் எண்ணெய், இஞ்சி எல்லாம் சேர்த்தேன். உப்பும் புளிப்பும்தான் தெரிகிறது. நாக்கில் எதுவுமே நிற்கவில்லை. எதை விட்டுவிட்டேன்?"

எண்ணெயும் வினிகரும் கலக்காதது பள்ளிப் பாடம். ஊற்றுவதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்கினால் சரியாகிவிடும். அவர் விட்டது கட்சுவோபுஷியை. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கல் போல உலர்த்திச் சீவுவது அது. நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம்.

சோயா சாஸின் உமாமிச் சுவைக்கு, அதாவது நாக்கில் நிற்கும் அந்த ஐந்தாவது சுவைக்கு, முக்கியக் காரணம் குளூட்டமேட் என்ற அமினோ அமில உப்பு. 1908இல் டோக்கியோவில் வேதியியலாளர் கிகுனே இகேடா இதைக் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். அவருடைய மாணவர் ஷின்தாரோ கொடாமா 1913இல் கட்சுவோபுஷியில் இனோசினேட் என்ற இன்னொரு சுவைப் பொருளைக் கண்டறிந்தார். இரண்டையும் சேர்த்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. சரியான அளவில் ஏழெட்டு மடங்குகூட ஆகும்.

ஏன் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாக்கின் சுவைச் செல்களில் டி1ஆர்1 என்ற புரதம் இருக்கிறது. அதன் வெளிப்பகுதியில் இரண்டு மடல்கள், நடுவே ஒரு கீல். பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியின் இலையேதான். குளூட்டமேட் உள்ளே போய்க் கீலருகே உட்கார்ந்ததும் மடல்கள் மூடும், உமாமிச் சேதி கிளம்பும். ஆனால் அந்தப் பிடி நிலைப்பதில்லை, மடல்கள் மறுபடி திறந்துகொள்ளும். இனோசினேட் வந்தால் கதை மாறுகிறது. அது விளிம்பருகே ஒட்டிக்கொண்டு, மூடிய மடல்களைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் அதே அளவு குளூட்டமேட்டுக்குச் சேதி பலமாகப் போகிறது. இந்தப் புரதத்தின் அமினோ அமிலங்களை மாற்றி மாற்றிச் சோதித்து, 2008இல் இதை வெளியிட்டார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இந்தக் கூட்டுச் சுவையை ஆராய்ந்து காட்டிய அகிரா குனினாகா, சோஷி ஊரின் யமாசா சோயா சாஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். செல்களில் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு சிதைந்தால் இத்தகைய சுவைப் பொருள்கள் கிடைக்கும். சாஸ் காய்ச்சும் நிறுவனம் அந்தச் சிதைவைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் போட்டிருக்கிறது. நம் உணவு நிறுவனங்களும் இப்படிச் செலவு செய்ய வேண்டும். அஜினோமோட்டோ என்றாலே விஷம் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அதில் இருப்பதும் குளூட்டமேட்தான், தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இருக்கும் குளூட்டமேட்டும் அதே மூலக்கூறுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஒரு சிட்டிகை கட்சுவோபுஷித் தூளையோ மாசித் தூளையோ போட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். இனோசினேட் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெய் கடைசியில்தான். அப்புறம் அதே அளவு வினிகர், துருவிய இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை. சைவம் என்றால் உலர்ந்த ஷிடாக்கே காளானைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்குங்கள். காளானின் ஆர்.என்.ஏ. உடைந்து, இனோசினேட்டின் வேலையைச் செய்யும் குவானிலேட் உருவாகும். தண்ணீர் கலந்த சோயா சாஸில் ஒரு துளியை முதலில் ருசித்துவிட்டு, இந்தக் காளான் சாறு சேர்த்து மறுபடி ருசியுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறும், விழுங்கிய பிறகும் சுவை நிற்கும்.

டிரெஸ்ஸிங்கில் மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதைச் சேர்ப்பவர்கள் அன்றன்றே செய்து முடித்துவிடுவது நல்லது. சூடுபடுத்தாத மிசோவில் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது இனோசினேட்டையும் குவானிலேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும்.