மேஸ்திரி தொந்தரவு கொடுத்தால்: எஸ்டேட், ரிசார்ட் பெண்களுக்கான புகார் வழி

நீலகிரியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி அத்துமீறினால் முதலில் நடப்பது பஞ்சாயத்துதான். ஆபீசுக்குக் கூப்பிட்டு, "விடும்மா, வேற டிவிஷன்ல போட்டுடறோம்" என்பார்கள். மாற்றப்படுவது மேஸ்திரி அல்ல, அந்தப் பெண்தான். அப்புறம் "பெரிய துரை (மேனேஜர்) வரட்டும்", "அடுத்த வாரம் பேசலாம்" என்று நாள் ஓடும். புகார் கொடுக்கச் சட்டம் தரும் கெடுவோ மூன்று மாதம்தான். இப்படிக் கெடு தாண்டிப்போன பெண்களைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம் இது, 'பாஷ் சட்டம்' என்றாலே அதிகாரிகளுக்குத் தெரியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய தோட்டம், ஹோம்ஸ்டே, வீட்டு வேலை என்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவுக்குப் போக வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

"நீ எங்க ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள்" என்பதுதான் அதிகம் கேட்கிற பொய். தினக்கூலி, தற்காலிகம், கான்ட்ராக்ட், ஜார்க்கண்டிலிருந்து வந்து எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) தங்கியிருப்பவர் எல்லோருக்கும் இந்தச் சட்டம் உண்டு. நிறுவனம் அனுப்பும் ஜீப்பில் நடந்தாலும் அது பணியிடம்தான். தொட்டால்தான் குற்றம் என்றில்லை. ஆபாசப் பேச்சு, போனில் படம் காட்டுவது, "சொன்னபடி கேட்கலேன்னா எடையைக் குறைச்சு எழுதுவேன்" என்ற மிரட்டல் எல்லாமே சேரும்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. ஆறு பிரதி கேட்பார்கள், சாட்சிகளின் பெயர், முகவரியும் வேண்டும். தொந்தரவு தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் மூன்று மாதக் கணக்கு. கெடு தாண்டியிருந்தால் ஏன் தாமதம் என்று மனுவிலேயே எழுதுங்கள், குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம்.

ஊட்டியில் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போனால் "போலீஸுக்குப் போங்க" என்பார்கள், ஸ்டேஷனில் "கம்பெனி கமிட்டிக்குப் போங்க" என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. காவல் துறைக்கு இது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) பிரிவு 75. பந்தலூர்க்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊட்டிக்கு பஸ் ஏற வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு தாலுகாவிலும் புகார் வாங்கி ஏழு நாளில் குழுவுக்கு அனுப்ப ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். "அப்படி யாரும் இல்லையே" என்று கைவிரித்தால் குழுவுக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் தேதியோடு சீல் வாங்காமல் நகராதீர்கள். ஆன்லைனில் புகார் கொடுக்க அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளமும் உண்டு. ஆனால் உங்களைத் தெரிந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்ப வேண்டாம், விஷயம் மாலைக்குள் லைன் முழுக்கப் பரவிவிடும்.

புகார் வந்தபின் அவசரமாக ஒரு குழு முளைக்கும். தலைவர் மூத்த பெண் ஊழியரா, உறுப்பினரில் பாதியாவது பெண்களா, வெளியாள் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். மேனேஜர் ஐயா தலைமை தாங்கினால் அது குழுவே அல்ல. குழுவே இல்லாவிட்டால் அதையும் எழுதிக் கலெக்டருக்கு அனுப்புங்கள். அபராதம் 50,000 ரூபாய் வரை.

சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் பேசிச் செய்யக் கூடாது. சமரசம் ஆகிவிட்டால் விசாரணை கிடையாது, அதனால் வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "நிரூபிக்கலேன்னா உன் மேல கேஸ்" என்று மிரட்டுவார்கள். நிரூபிக்க முடியாமல் போவது மட்டும் பொய்ப் புகார் ஆகாது.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவனை மாற்றும்படியோ, உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படியோ எழுதிக் கேளுங்கள், அது உங்கள் சொந்த லீவில் கழியாது. அவன் அனுப்பிய மெசேஜ்களை அழிக்க வேண்டாம். சம்பளச் சீட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள், "இங்கே வேலையே செய்யலை" என்று சொன்னால் காட்ட வேண்டியது அதுதான்.