பூட்டைத் திறக்காமல் எடை போடுவது

"ஏன்டா, கணக்குப்பிள்ளைக்கு எடை தெரியக் கூடாது. ஆனா கணக்கு மட்டும் சரியா வரணும். ஆவுமா?"

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா கேட்டது. வெள்ளி விற்கிற விலைக்கு நியாயமான கவலைதான்.

ஆகும். எண்களைப் பூட்டி மறைத்து, பூட்டைத் திறக்காமலே அவற்றை வைத்துக் கணக்குப் போடும் இதற்கு ஹோமோமார்பிக் என்கிரிப்ஷன் என்று பெயர். எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். சித்தப்பாவின் ரகசிய எண் 1001. மறைக்க வேண்டியவை 2 கிலோ, 3 கிலோ. 2-க்கு முன்னால் மனம்போனபடி ஓர் இலக்கம் போட்டு 12 ஆக்கி, 1001-இன் 52 மடங்கைச் சேர்த்தால் 52064. அதேபோல 3-ஐ 23 ஆக்கி 38 மடங்கைச் சேர்த்தால் 38061. கணக்குப்பிள்ளை கண்ணில் படுவது இவ்வளவே. அவர் கூட்டிக் கொடுப்பது 90125. சித்தப்பா அதை 1001-ஆல் வகுத்தால் மீதி 35. கடைசி இலக்கம் 5. மறைத்த இரண்டு எண்களையும் கூட்டாமல் பெருக்கினால் 198,16,07,904. மீதி 276, கடைசி இலக்கம் 6. போனில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

2010-இல் வந்த ஒரு முறையின் பொம்மை வடிவம் இது. நிஜத்தில் எண்கள் பக்கம் பக்கமாக நீளும். முன்னால் ஒட்டிய அந்த இலக்கத்துக்கு இரைச்சல் என்று பெயர். அது இல்லாவிட்டால் 1001-ஐ எவரும் மோப்பம் பிடித்துவிடுவார்கள். இருப்பதும் தொல்லைதான். இன்னொரு தடவை 3-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 276 × 23 = 6348. 1001-ஐத் தாண்டிவிட்டதால் மீதி 342. 18-இன் 8 வரவேண்டிய இடத்தில் 2 நிற்கிறது. கணக்கு கெட்டது.

மறைத்த எண்களை வைத்தே எந்தக் கணக்கையும் போட முடியுமா? 1978-இல் ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூசோஸ் என்ற கணினி அறிஞர்கள் மூவரும் எழுப்பிய இந்தக் கேள்விக்கு 2009-இல்தான் முழு விடை வந்தது. தந்தவர் கிரெய்க் ஜென்ட்ரி. அவர் சொன்ன உவமையே ஒரு நகைக்கடைதான்! பூட்டிய பெட்டிக்குள் தங்கம். பெட்டியோடு ஒட்டிய கையுறைக்குள் கைவிட்டு ஆசாரி வேலை செய்கிறார். கொஞ்ச நேரத்தில் கையுறை விறைத்துவிடும். உடனே அந்தப் பெட்டியை, அதன் சாவி ஏற்கெனவே உள்ளே கிடக்கும் புதுப் பெட்டிக்குள் தள்ளுகிறார். புதுக் கையுறையால் பழைய பூட்டைத் திறந்து வேலையைத் தொடர்கிறார். அதாவது, மறைத்த சாவியை வைத்து, மறைவுக்குள்ளேயே மறைவை அவிழ்ப்பது. இரைச்சல் பழையபடி சிறிதாகிவிடும். எனக்கு இதைவிட அழகான தந்திரம் கணினியியலில் தெரியாது.

விலை, நேரம். 2011-இல், பூட்டைப் பலப்படுத்த எண்களை மிகப் பெரிதாக வைத்தபோது, இந்தப் பெட்டி மாற்றம் ஒன்றுக்கே அரை மணி நேரம் பிடித்தது. 2016-இல் வந்த வேறொரு முறையில் 0.1 வினாடிக்கும் குறைவு.

சித்தப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அவன் தப்பாக் கூட்டியிருந்தா?"

இந்தப் பூட்டு அதைச் சொல்லாது. அதற்கு வேறு கணிதம் வேண்டும்.