கார்பரேட்டரில் கை வைக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

இந்த வாரம் ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரே மாதத்தில் மூன்று தடவை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை அதிலுள்ள ஜெட்டுக்குள், அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளைக்குள், கம்பியும் விட்டிருக்கிறார்கள். அப்படியும் பத்து, பதினைந்து நிமிடம் ஓடியதும் வண்டி திணறி நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் கிளம்புகிறது.

நான் ஸ்பேனரையே எடுக்கவில்லை. ஓட்டிப் பார்த்தேன். திணற ஆரம்பித்ததும் நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. சில நொடி விட்டு உதைத்தேன், கிளம்பிவிட்டது. மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் தொடர்ந்து கீழே இறங்கும். பாலிஷும் தூசியும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. அவ்வளவுதான் கோளாறு.

'பெட்ரோல் வரவில்லை' என்றாலே கார்பரேட்டர்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதைக் கழுவியதும் வண்டி ஓடவும் செய்கிறது, அதனால் நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது. நடப்பது என்னவென்றால், கழற்றி மாட்டும் அரை மணி நேரத்தில் காற்று எப்படியோ டேங்குக்குள் கசிந்துவிடும், கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமும் நிரம்பிவிடும். வண்டியைச் சரியாக்கியது அந்த அரை மணி நேர ஓய்வு. கழுவியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த பதினைந்தாவது நிமிடம் பழைய கதைதான்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறேன்: "அண்ணே, ஃபுல் டேங்க் போட்டதிலிருந்துதான் இப்படி, பெட்ரோலில் கலப்படம்." இருக்கலாம். ஆனால் மூடித் துளை அடைத்திருந்தால், டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் வண்டி சீக்கிரம் நிற்கும். மேலே இருக்கும் காற்று கொஞ்சம்தானே, கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதும் வெற்றிடம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதி டேங்கில் அதே வண்டி இன்னும் அதிக தூரம் ஓடும். மூடியின் மேல் ரெக்சின் உறை போட்டு இறுக்கியிருப்பவர்கள் அதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள். மூடி, டேங்க், பெட்ரோல் டேப், டியூப், ஃபில்டர், கடைசியில்தான் கார்பரேட்டர். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டியூபைக் கார்பரேட்டர் முனையில் உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். பெட்ரோல் அறுபடாமல் ஒழுக வேண்டும். முதலில் நன்றாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாகி, மூடியைத் திறந்ததும் மறுபடி வேகமெடுத்தால் குறை மூடியில். மூடி திறந்திருந்தும் சொட்டினால் டேப்பின் வலையிலோ ஃபில்டரிலோ அடைப்பு, இல்லை டியூப் எங்கோ மடங்கியிருக்கிறது. சில வண்டிகளில் எஞ்சின் ஓடி உறிஞ்சினால்தான் டேப் திறக்கும், அவற்றில் இந்தச் சோதனைக்குப் பெட்ரோல் வராது. அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

ரிசர்வில் போட்டால் மட்டும் திணறுகிறதா? டேங்கின் அடியில் துருவோ தண்ணீரோ நிற்கிறது. கார்பரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்பது கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கார்பரேட்டருக்கு வாருங்கள். சோக் இழுத்தால்தான் வண்டி அணையாமல் ஐடிலிங்கில் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. அதற்குக் கிளீனரும் காற்றும் போதும். கம்பி வேண்டவே வேண்டாம். ஜெட் பித்தளை, மெத்தென்ற உலோகம், அதன் துளையை அளந்து போட்டிருக்கிறார்கள். ஒரு கீறல் விழுந்தாலும் அந்த அளவு போய்விடும். (சூடானதும் நின்று ஆறியதும் கிளம்பும் குணம் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயிலுக்கும் உண்டு. நின்ற உடனே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஆனால் டியூபை உருவி வைத்துக்கொண்டு அதைச் செய்யக் கூடாது.)

கார்பரேட்டர் இல்லாமல் பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி வேறு கதை. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று நொடி 'ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச், அப்புறம் ஃபியூஸ், ரிலே. அதில் பெட்ரோல் டியூபை நீங்களாக உருவாதீர்கள், அழுத்தத்தில் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். பெட்ரோலை எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்து ஓட்டவும் வேண்டாம், பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், டியூபை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பற்றவைக்க விடாதீர்கள்.

தம்பியின் வண்டி இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் கம்பி விட்டதில் மெயின் ஜெட்டின் துளை அகன்று, பிளக் கரி பிடித்து வருகிறது. புது ஜெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.