விழுந்துபோன ககரம்

சதுரங்க ஆட்டத்தைக் குறித்துவைக்கும்போது குதிரைக்கு ‘என்’ என்ற எழுத்தைப் போடுவது வழக்கம். ஆங்கிலத்தில் அந்தக் காயின் பெயர் ‘நைட்’. எழுத்துக்கூட்டினால் முதலில் வருவது ‘கே’. அந்தக் ‘கே’யை ராஜாவான ‘கிங்’ எடுத்துக்கொண்டதால் குதிரைக்கு இரண்டாம் எழுத்து கிடைத்தது. காதுக்கு இதில் இழப்பே இல்லை. ‘நைட்’ என்று சொல்லும்போது ‘கே’ ஒலிப்பதே இல்லையே.

‘கே’யும் ‘என்’னும் சேர்ந்து தொடங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன. கத்தி ‘நைஃப்’, முழங்கால் ‘நீ’, மண்டியிடுவது ‘நீல்’, கதவைத் தட்டுவது ‘நாக்’, முடிச்சு ‘நாட்’, நூலைப் பின்னுவது ‘நிட்’, மாவு பிசைவது ‘நீட்’, விரல் கணு ‘நக்கிள்’, அறிவது ‘நோ’. எல்லாவற்றிலும் எழுத்து உண்டு, ஓசை இல்லை. நம் பிள்ளைகள் டிக்டேஷனில் மதிப்பெண்ணைத் தொலைக்கும் இடம் இது. ‘சைலன்ட் லெட்டர், மனப்பாடம் செய்’ என்பதோடு வகுப்பில் விளக்கம் முடிந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் இந்த எழுத்து ஒரு காலத்தில் வாயார ஒலித்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘நைட்’ என்பது ஏறக்குறைய ‘க்னிஹ்ட்’. பொருளும் வேறு: சிறுவன், ஏவலாள். தலைவனுக்கு ஏவல் செய்தவனே பிறகு குதிரைவீரன் ஆனான். இதன் உடன்பிறப்பான ஜெர்மன் சொல்லுக்கு இன்றும் ஏவலாள் என்றுதான் பொருள். ககரமும் அப்படியே ஒலிக்கிறது. முழங்காலை ஜெர்மானியர் ‘க்னீ’ என்கிறார்கள். சுவீடனில் கத்திக்குப் பெயர் ‘க்னீவ்’.

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபோதும் ஆங்கிலேயர் அந்த ‘க்’ ஒலியை விட்டிருக்கவில்லை. ஒலித்தபடியே அச்சேறியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒலி பரவலாக மறையத் தொடங்கியது. அதற்குள் எழுத்து உறைந்துவிட்டது. 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி வெளியிட்டபோது, ஒலியிழந்த அந்த எழுத்து தன் இடத்தில் அப்படியே இருந்தது.

ஒலி ஏன் மறைந்தது? ‘க்’ என்று சொல்ல அடிநாக்கு எழுந்து அண்ணத்தின் பின்பகுதியை அடைக்கிறது. தேங்கிய மூச்சு, அடைப்பு விலகும்போது வெடித்து வெளிவருகிறது. ‘ன’கரத்துக்கோ நுனிநாக்கு மேலே போய் வாயின் முன்பக்கத்தை அடைக்க, மூச்சு மூக்கு வழியாகப் போகிறது. இரண்டும் இடைவெளியின்றி வந்தால் ககரத்தின் வெடிப்புக்கு வாய்வழி கிடைப்பதில்லை, அது மங்கிவிடுகிறது. வல்லெழுத்தைக் காது அடையாளம் காண்பதில் பக்கத்து உயிரொலிக்குப் பெரிய பங்கு உண்டு. சொல்லின் தொடக்கத்தில் முன்னால் உயிர் இல்லை. பின்னால் வருவதும் மெய். காதுக்குப் பிடிமானம் குறைவு. அதற்காக விழுந்தே தீரவேண்டும் என்பதில்லை, ஜெர்மன் மொழி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறதே. ஆனால் விழுவதற்கு ஏற்ற இடம் இது.

இன்னொரு தப்பும் வழியும் உண்டு: நடுவில் ஓர் உயிரை நுழைத்துவிடுவது. 1016இல் இங்கிலாந்தின் அரசரான டென்மார்க்கு இளவரசர் க்னூட், பிற்கால ஆங்கிலத்தில் ‘கன்யூட்’ ஆனார். ‘நைஃப்’ சொல்லின் பழைய வடிவத்தைக் கடன் வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள் சிறு கத்தியைக் ‘கனீஃப்’ என்கிறார்கள்.

முன்னால் உயிர் இருந்தால் நிலைமை மாறுகிறது. ‘நாலெட்ஜ்’ என்றால் அறிவு, ககரம் இல்லை. ‘அக்னாலெட்ஜ்’ என்றால் ஒப்புக்கொள்வது, ககரம் தெளிவாகக் கேட்கிறது. முன்னால் வந்த அகரம் அதைத் தாங்கிக்கொள்கிறது.

இதே கதை ஆங்கிலத்துக்கு வெகுகாலம் முன்பே லத்தீனிலும் நடந்தது. அறிதலைக் குறித்த ‘க்னோஸ்கோ’ முதலெழுத்தை இழந்து ‘நோஸ்கோ’ ஆயிற்று. அந்த வழியில் வந்ததுதான் நாம் சுவரில் ஒட்டும் ‘நோட்டீஸ்’. ஆனால் அறியாமையைக் குறிக்கும் ‘இக்னரன்ஸ்’ சொல்லில் முன்னால் இகரம் இருக்கிறது, ஒலி பிழைத்துக்கொண்டது. கிரேக்கத்திலிருந்து வந்த ‘டயக்னோசிஸ்’, அதாவது நோயறிதல், அதே வேரைச் சேர்ந்தது. ஆங்கிலத்தின் ‘நோ’வும் அப்படித்தான். கிரேக்கமும் லத்தீனும் மெல்லிய ககரமாக வைத்திருந்ததை ஆங்கிலமும் ஜெர்மனும் அழுத்தமான ககரமாக ஒலித்தன. இத்தகைய மாற்றங்கள் ஒழுங்கான விதிப்படி நடப்பதை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கினார்.

சம்ஸ்கிருதத்தில் அந்த வேரின் வடிவம் ‘ஜ்ஞா’. அதிலிருந்து பிறந்த சொல் தமிழுக்கு வந்தபோது வாசலிலேயே ஜகரம் கழன்றது. நமக்குக் கிடைத்தது ‘ஞானம்’. ‘உயிர்மெய் அல்லன மொழிமுதல் ஆகா’ என்பது தொல்காப்பியம். புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ஆகவே ‘ஸ்தலம்’ மெய்யை இழந்து ‘தலம்’ ஆயிற்று. ‘ஸ்நேகம்’ ஓர் உயிரை ஏற்றுக்கொண்டு ‘சிநேகம்’ ஆயிற்று. ஆங்கிலேயரின் நைஃபும் பிரெஞ்சுக்காரரின் கனீஃபும் பிரிந்துபோன அதே இரு பாதைகள்! ‘ஆக்ஞை’யிலோ ஆகாரம் முன்னால் இருப்பதால் வல்லெழுத்து தங்கியிருக்கிறது. ‘விஞ்ஞானம்’ என்று எழுதும்போது நாம் இடும் அந்தக் கூடுதல் ‘ஞ்’, விழாமல் உருமாறி நின்ற பழைய ஜகரம்தான். ஆங்கிலத்தின் ‘நோ’வும் நம் ‘ஞான’மும் ஒரே வேரில் கிளைத்து, வெவ்வேறு ஊர்களில் தலையெழுத்தை இழந்தவை.

முழங்காலுக்கும் இங்கே ஓர் உறவினர் இருக்கிறார். ஆங்கிலத்தின் ‘நீ’க்குச் சம்ஸ்கிருத உறவு ‘ஜானு’. கை முழங்கால்வரை நீண்ட, ஓங்கிய உடற்கட்டுள்ளவரை ‘ஆஜானுபாகு’ என்கிறோமே, அதற்குள் இருக்கும் ஜானு. இதில் ஜகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே ஆகாரம் நிற்கிறது. அதனால் எதுவும் விழவில்லை.