சைக்கஸ்: சொல் விளக்கம்

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலையின் பரிணாமத் தோட்டத்தில் பலர் 'குட்டிப் பனை' என்று சொல்லிக் கடந்துபோகும் செடி சைக்கஸ். அது பனையே இல்லை. பனை பூக்கும், காய்க்கும். சைக்கஸுக்குப் பூவும் கிடையாது, கனியும் கிடையாது. பெண் செடியின் உச்சியை உற்றுப் பாருங்கள்: பழுப்பு மயிர் படர்ந்த இலை போன்ற உறுப்புகளின் ஓரத்தில் விதைகள் மூடாக்கு ஏதுமின்றி ஒட்டிக்கொண்டிருக்கும். டைனோசர்கள் உலவிய ஜுராசிக் காலத்தில் இதன் சுற்றத்தார் உலகெங்கும் செழித்திருந்தார்கள். ஆனால் பழையது வம்சம்தான். இன்றைய இனங்களில் பெரும்பாலானவை சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என்று 2011இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. டைனோசர்கள் மறைந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

பெயரிலும் பனைதான் ஒளிந்திருக்கிறது. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எகிப்தியப் பனை ஒன்றை 'கோயிகஸ்' என்று எழுதினார். ஏடு படியெடுத்தவர்களின் கைப்பிழையில் அது 'கீகஸ்' ஆனது என்பது அறிஞர்கள் கருத்து. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பிழை வடிவத்தையே பேரினப் பெயராக்கிவிட்டார்.

மலாயில் இது 'பாக்கு லாவுட்', அதாவது கடல் பெரணி. தளிர் பெரணியைப் போலவே சுருண்டு விரிவதையும், கடலோரத்தில் வளர்வதையும் பார்த்தால் எவ்வளவு பொருத்தமான பெயர் என்று புரியும்.

தமிழில் என்ன சொல்வது? மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைக்கஸின் ஆண் செடியில் மகரந்தம் தரும் கூம்பை நாட்டு மருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என்று விற்பார்கள். அழகான சொல், ஆனால் கூம்புக்கு மட்டுமே உரியது. மலையாளத்து 'ஈந்து' தமிழில் ஈச்ச மரத்தைக் குறிக்கும், குழப்பம்தான் மிஞ்சும்.

'சவ்வரிசிப் பனை' என்று ஆங்கிலத்தின் 'சாகோ பாம்' என்பதைப் பார்த்துப் பெயர்ப்பதை மட்டும் நான் ஒப்பவே மாட்டேன். சைனாடவுனின் சாகோ ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்த ஆலைகள் பதப்படுத்திய சாகோ மாவு வேறொரு மரத்தினுடையது, அது உண்மையான பனைக் குடும்பம். சைக்கஸ் விதையிலோ நஞ்சு உண்டு. பலமுறை நீர் மாற்றி ஊறவைத்துப் பதப்படுத்தத் தெரியாதவர்கள் வாயில் வைக்கக் கூடாது. உணவின் பெயரை அதற்குச் சூட்டுவது ஆபத்து.

எனவே செடிக்குச் 'சைக்கஸ்', கூம்புக்கு 'மதனகாமப்பூ' என்று எழுதுவதே சரி.